ஸ்கேன் இயந்திரம் செய்ய ஆசைப்படும் மகளுக்கு எந்தப் படிப்பு?

அன்புள்ள அம்மா,

நீட் மதிப்பெண் குறைந்த பிறகு மகள் மருத்துவக் கருவிகளை உருவாக்கக் கற்றுத்தரும் பயோமெடிக்கல் பொறியியல் கேட்கிறாள் என்றும், "டாக்டராக முடியாதவர்கள் படிப்பது அது, கடைசியில் ஆஸ்பத்திரியில் மெஷின் ரிப்பேர் பார்க்கத்தான் போவாள்" என்று உறவினர்கள் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ரிப்பேர் வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் தந்தைக்கு வயிற்று ஸ்கேன் எடுக்க ஒரு சிறிய ஊர் மையத்துக்குப் போயிருந்தேன். திரையில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. மருத்துவர் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் கைக்கருவியான புரோபைச் சாய்த்துச் சாய்த்து, அந்தக் கோட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். புரோப் ஒருமுறை கீழே விழுந்ததாம். அதன் முகப்பில் மிகச் சிறிய படிகத் துண்டுகள் வரிசையாக இருக்கும்; மின்துடிப்பு கொடுத்தால் அதிர்ந்து ஒலியை அனுப்பும், திரும்பி வரும் எதிரொலியை மீண்டும் மின்சாரமாக்கும். அவற்றில் சில பழுதானால் படத்தில் அந்த இடம் இருண்டுவிடும். புதிய புரோபின் விலைக்குப் பயந்து அதையே வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டி அந்தக் கோட்டுக்குள் ஒளிந்திருந்தால் என்ன ஆவது என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

இந்தக் கோட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் எதை மாற்ற வேண்டும் என்று தெரியும். அமெரிக்காவின் பட்டர்ஃபிளை நிறுவனம் படிகங்களை விட்டுவிட்டு, ஒரே சிலிக்கான் சில்லில் ஆயிரக்கணக்கான நுண் அதிர்விகளை அமைத்தது. 2017இல் அனுமதி பெற்ற அந்தக் கையடக்கக் கருவியை 2,000 டாலருக்குள் அறிமுகப்படுத்தினார்கள். பெரிய இயந்திரத்தின் தெளிவு அதில் கிடைக்காது. ஆனால் செல்போனில் இணைத்தே பார்த்துவிடலாம்.

எம்ஆர்ஐயில் செலவு காந்தத்தில் இருக்கிறது. வழக்கமான 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) காந்தத்தை மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் குளிர்வித்து வைக்க வேண்டும். ஹைப்பர்ஃபைன் நிறுவனம் வெறும் 0.064 டெஸ்லா நிரந்தரக் காந்தத்தை வைத்து, நோயாளியின் கட்டிலுக்கே தள்ளிக்கொண்டு போகும் மூளை ஸ்கேனர் செய்தது. அதற்கு 2020இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. காந்தம் பலவீனமானால் சமிக்ஞை மெலியும், இரைச்சல் மிகும். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து படத்தை மீட்பது முழுக்கக் கணக்கு. நம் பக்கத்தில், பெங்களூரின் வாக்சல்கிரிட்ஸ் நிறுவனம் உள்நாட்டிலேயே 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ உருவாக்கியிருக்கிறது.

ஆகவே மகளிடம் முதலில் இதைக் கேளுங்கள்: கணக்கும் இயற்பியலும் பிடிக்குமா? உயிரியல் மீதுள்ள ஆசை மட்டும் நான்கு வருடம் தாங்காது. கணக்கு பிடிக்கும் என்றால் உறவினர்களுக்கு ஒரு தகவல் சொல்லுங்கள்: சி.டி. ஸ்கேனுக்காக 1979இல் மருத்துவ நோபல் பெற்ற ஹவுன்ஸ்ஃபீல்ட் மின்பொறியாளர், கார்மாக் இயற்பியலாளர். இருவருமே மருத்துவர்கள் அல்லர்.

கல்லூரி விஷயத்தில் நான் கண்டிப்பானவன். கிண்டி பொறியியல் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி. டெக் போன்ற இடங்களில் பயோமெடிக்கல் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். ஆய்வகமும் இல்லை, மருத்துவமனைத் தொடர்பும் இல்லை என்றால் பெயருக்காக அதை எடுக்க வேண்டாம்; நல்ல கல்லூரியில் இ.சி.இ. (மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல்) படிக்கட்டும். சிக்னல் பிராசசிங்கும் சர்க்யூட் அறிவும் இந்தத் துறைக்கு அப்படியே உதவும். எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வில் 2020 முதல் பயோமெடிக்கலுக்குத் தனித் தாள் இருக்கிறது. சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் எஞ்சினியரிங் எம்.டெக். இவள் ஆசைக்கு மிகவும் பொருந்தும்.

சம்பளம் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். பி.இ. முடித்தவுடன் கிடைப்பது பெரும்பாலும் மருத்துவமனைப் பராமரிப்புப் பிரிவு அல்லது சர்வீஸ் எஞ்சினியர் வேலை; ஆரம்பச் சம்பளம் மென்பொருள் வேலையைவிடக் குறைவாக இருக்கலாம். கருவி வடிவமைப்புக்குள் நுழைய மேற்படிப்போ சில வருட அனுபவமோ தேவைப்படும். குடும்பத்தின் கடன் நிலையைப் பார்த்து இதை இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கலந்தாய்வுக்கு முன் ஒரு நாள், உங்கள் ஊருக்கு அருகிலுள்ள பெரிய மருத்துவமனையில் அனுமதி கேட்டு, கருவிகளைப் பழுதுபார்க்கும் அறைக்கு அவளை அழைத்துப் போங்கள். திறந்து கிடக்கும் இயந்திரங்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் நிற்கட்டும். வெளியே வந்ததும் அவள் கேட்கும் கேள்விகளை எழுதி எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துக் கல்லூரிப் பட்டியலைச் சேர்ந்தே போடுவோம்.