லேப்டாப்பிலிருந்து மாடுலர் சிந்தசைசரை இயக்க மிடி-சிவி மாட்யூல் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. மிடி-சிவி மாட்யூல் என்பது கணினியோ கீபோர்டோ அனுப்பும் மிடி நோட் செய்திகளைக் கட்டுப்பாட்டு வோல்டேஜாக (சிவி) மாற்றும் பெட்டி. சின்ன யூரோராக் செட்டும் (மாட்யூல்களை ராக்கில் பொருத்தி இணைக்கும் மாடுலர் சிந்தசைசர் வகை) லேப்டாப்பும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அந்த இன்டர்ஃபேஸ் டிசி-கப்பிள்டா, அதாவது நிலையான வோல்டேஜையும் வெளியே விடுமா என்று முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

யூரோராக்கில் சுருதி என்பது வோல்டேஜ். ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும், அப்படியென்றால் அடுத்த ஸ்வரஸ்தானத்துக்குப் போக சுமார் 83 மில்லிவோல்ட். இன்டர்ஃபேஸுக்குள் இருக்கும் கன்வர்ட்டர் செய்வதும் எண்ணை வோல்டேஜாக மாற்றும் இதே வேலைதான், ஆனால் பல இன்டர்ஃபேஸ்களில் அவுட்புட் பாதையில் ஒரு கெப்பாசிட்டர் உட்கார்ந்து காதுக்குக் கேட்காத மெதுவான அசைவையும் நிலையான வோல்டேஜையும் தடுத்துவிடும். ஒரு ஸ்வரத்தை நாலு விநாடி பிடிக்க வேண்டுமென்றால் நாலு விநாடியும் வோல்டேஜ் அசையாமல் நிற்க வேண்டும், இப்படித் தடுக்கும் ஏசி-கப்பிள்ட் பெட்டியில் அது சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கிவிடும்.

சோதிக்க, கணினியிலேயே ஓடும் மாடுலர் சிந்தசைசர் மென்பொருளான இலவச விசிவி ராக் போதும். ஒரு நிலையான வோல்டேஜை ஆடியோ மாட்யூலுக்கு அனுப்பி, அதன் மெனுவில் டிசி பிளாக்கர் ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிட்டு, அவுட்புட் ஜாக்கில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். எண் நின்றால் உங்களுக்குச் செலவே இல்லை. எவ்வளவு வோல்ட் வரை ஏறுகிறது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள், மூன்று வோல்ட்தான் என்றால் பூஜ்யத்திலிருந்து மேலே மூன்று ஸ்தாயிதான் கிடைக்கும். அந்த நேரத்தில் ஸ்பீக்கர் அந்த அவுட்புட்டில் இருக்கவே கூடாது, நிலையான வோல்டேஜ் அதன் காயிலைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். லேப்டாப்பின் நோட்டிஃபிகேஷன் சத்தங்களையும் வேறு அவுட்புட்டுக்கு மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு மெயில் வந்தாலும் சுருதி துள்ளும்.

டிசி-கப்பிள்ட் இல்லையென்றால் நான் சொல்வது எக்ஸ்பர்ட் ஸ்லீப்பர்ஸின் ஈஎஸ்-8. ராக்கிலேயே பொருத்தும் யுஎஸ்பி இன்டர்ஃபேஸ், 4 இன்புட், 8 அவுட்புட், எல்லாமே டிசி-கப்பிள்ட். உங்கள் இன்டர்ஃபேஸில் அடாட் ஆப்டிக்கல் அவுட்புட் (பல சானல்களை ஒளி இழை கேபிளில் அனுப்பும் டிஜிட்டல் இணைப்பு) இருந்தால் அதே நிறுவனத்தின் ஈஎஸ்-3 போதும். தனிப் பெட்டியாக வேண்டுமென்றால் மோட்டு நிறுவனத்தின் பல மாடல்கள் இதற்குப் பேர்போனவை. கேபிளில் ஒரு விஷயம்: பேலன்ஸ்டு அவுட்புட்டில் சாதாரண மோனோ கேபிளைச் செருகினால் ரிங் முனை, அதாவது இரண்டாவது சிக்னல் முனை, கிரவுண்டோடு சேர்ந்துவிடும், சில பெட்டிகளுக்கு அது ஒத்துவராது, அதனால் ரிங்கை இணைக்காமல் விட்ட கேபிள்தான் நல்லது.

மிடி-சிவியைவிட இந்த வழியை நான் விரும்பக் காரணம் நேரமும் நுணுக்கமும். பழைய ஐந்து முள் மிடி கேபிளில் ஒரு நோட் போய்ச்சேர ஏறக்குறைய 1 மில்லிவிநாடி ஆகும், பத்து நோட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில்தான் போகும். ஆடியோ வழியில் விநாடிக்கு 48,000 தடவை எல்லா சானலும் ஒன்றாக நகரும், கேட்டும் (ஸ்வரம் எப்போது தொடங்கி முடிகிறது என்று சொல்லும் வோல்டேஜ்) சுருதியும் ஒரே சாம்பிளில் வந்து விழும். மிடி-சிவி மாட்யூலின் கன்வர்ட்டர் 12 பிட்டாக இருந்து 10 வோல்ட்டுக்குப் பரந்தால் ஒரு படி 2.4 மில்லிவோல்ட், கிட்டத்தட்ட 3 சென்ட் (ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலான தூரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). நீண்ட கமகத்தில் அந்தப் படி எனக்குக் காதில் படுகிறது. தோடியின் காந்தாரத்தை ஒரு வளைகோடாக வரைந்து 24 பிட் வோல்டேஜாக அனுப்பி, ஒலியை உண்டாக்கும் மாட்யூலான ஆசிலேட்டரை அசைத்துப் பாருங்கள், விசைப்பலகையில் கிடைக்காத ஒரு வழுக்கல் அதில் இருக்கிறது.

இது புது யோசனையும் இல்லை. 1970 வாக்கில் பெல் லேப்ஸில் மேக்ஸ் மேத்யூஸும் ரிச்சர்ட் மூரும் செய்த குரூவ் அமைப்பு இதேதான்: உடனுக்குடன் ஒலியை உண்டாக்க அன்றைய கணினிக்கு வேகம் போதாது, அதனால் ஒலியை அனலாக் கருவிகளிடம் விட்டுவிட்டுக் கணினி வெறும் கட்டுப்பாட்டு வோல்டேஜை மட்டும் அனுப்பியது.

சுருதி சேர்க்க, இசை மென்பொருள்களில் பிட்விக்கின் ஹெச்டபிள்யூ சிவி இன்ஸ்ட்ருமென்ட், ஏபிள்டனின் சிவி டூல்ஸ் இரண்டுமே ஆசிலேட்டரைக் கேட்டுத் தானாகத் திருத்திக்கொள்ளும். அனலாக் ஆசிலேட்டர் சூடேற அரை மணி நேரம் கொடுத்துவிட்டு இதைச் செய்யுங்கள். ஒரு குரலுக்கு, அதாவது ஒரு நேரத்தில் ஒலிக்கும் ஒரு ஸ்வரத்துக்கு, சுருதி, கேட், ஃபில்ட்டர், இன்னொன்று என நாலு அவுட்புட் எளிதில் போய்விடும், ஆகவே எட்டு அவுட்புட் என்பது இரண்டு குரல்தான். லேப்டாப் இல்லாமல் கீபோர்டை மட்டும் வைத்து மேடையில் வாசிக்கப் போகிறீர்கள் என்றால், சரி, அப்போது மிடி-சிவி மாட்யூலையே வாங்குங்கள்.