முதலில் விசா என்ன என்று சொல்லுங்கள் தம்பி

தம்பி, டல்லாஸ் வந்து எட்டு மாதம் ஆகிறது, தினமும் இடுப்பில் வைத்துக்கொள்ள உயர்ரக பிஸ்டல் ஒன்று வேண்டும், நாலாயிரம் டாலர் வரை போகலாம், வில்சன் காம்பாட்டா, நைட்ஹாக்கா, ஸ்டக்காட்டோவா என்று கேட்டிருக்கிறீர்கள். ஹோல்ஸ்டர் என்கிற துப்பாக்கி உறையைப் பற்றி, தோட்டாவைப் பற்றி எல்லாம் விவரமாகக் கேட்டவர் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. என்ன விசாவில் இருக்கிறீர்கள்?

எட்டே மாதத்தில் கிரீன் கார்டோடு திரியும் நம் ஊர்ப் பையன்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கல்யாண வழியிலோ குடும்ப மனுவிலோ வந்திருந்தால் சரி. எச்1பி வேலை விசா என்றால் துப்பாக்கிக் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் கைத்துப்பாக்கியோடு வெளியே போக லைசன்ஸே தேவையில்லை, 21 வயதானால் போதும் என்று ஆபீசில் யாராவது சொல்லியிருப்பார்கள். சொன்னவர் இங்கேயே பிறந்தவராக இருப்பார். அது மாநிலச் சட்டம். நாடு முழுவதற்குமான ஃபெடரல் சட்டப்படி எச்1பி, மாணவர்களுக்கான எஃப்1 போன்ற தற்காலிக விசாக்காரர் துப்பாக்கி வைத்திருந்தாலே குற்றம். ஒற்றைத் தோட்டா வைத்திருந்தாலும் குற்றம். 15 ஆண்டு வரை சிறை. சொந்தமாக வாங்கினால்தான் என்றில்லை. ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் சுட்டாலும் வைத்திருந்ததாகத்தான் கணக்கு.

எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. 2001 ஆகஸ்டில் டல்லாஸ் பக்கத்து இர்விங்கில் வந்து இறங்கினேன். இரண்டு ரூம் அபார்ட்மென்டில் ஆறு பேர், ஒரு குக்கர். அழைத்து வந்த கன்சல்டன்சி, பிராஜெக்ட் கிடைக்கும்வரை சம்பளம் கிடையாது என்று கையை விரித்துவிட்டது. அடுத்த மாதமே இரட்டைக் கோபுரம் விழுந்தது. அப்புறம் எங்கே பிராஜெக்ட்? அந்தக் குளிர்காலத்தில், துவைக்கப் போன என் ரூம்மேட்டை லாண்டரி வாசலில் மடக்கி, பர்ஸையும் அவன் அம்மா போட்டு அனுப்பிய ஒன்றரைப் பவுன் செயினையும் பிடுங்கிக்கொண்டார்கள். திரும்பி வந்தவன் துணிக்கூடையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான். எனக்குத் துப்பாக்கி ஆசை வந்தது அன்றைக்குத்தான். உங்களுக்கும் அப்படி ஏதோ நடந்திருக்கலாம், அல்லது யாருக்கோ நடந்ததைக் கேட்டிருக்கலாம். நம் வீடுகளில் தங்கம் இருக்கும் என்பது இங்கே திருடனுக்கும் தெரியும்.

2003-இல் முதல் பிராஜெக்ட் மேனேஜர், நல்ல மனிதர், ரேஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கவுன்டரில் டிரைவிங் லைசன்ஸை மட்டும் பார்த்தார்கள். .45 தோட்டா போடும், 1911 என்ற பழைய மாடல் பிஸ்டல். ஒரு பெட்டி சுட்டுவிட்டுக் கையை முகர்ந்தால் தீபாவளிக் காலை வாசம். பல வருடம் கழித்து கிரீன் கார்டு வேலை நடந்தபோது வக்கீலிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “அப்போது உங்களிடம் வேட்டை லைசன்ஸ் இருந்ததா?” என்று கேட்டார். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அன்று இரவு நான் தூங்கவில்லை.

வேட்டை லைசன்ஸ் கதை இதுதான்: தற்காலிக விசாக்காரருக்கு இருக்கும் விலக்குகளில் முக்கியமானது, காலாவதி ஆகாத வேட்டை லைசன்ஸ். இதைத் தெரிந்துகொண்டு வாங்கி வைத்திருக்கும் நம்மவர்கள் இந்த ஊரில் நிறைய. மானை ஜூவில் மட்டும் பார்த்தவர்கள், தட்டில் முட்டைகூட எடுக்காதவர்கள், எல்லோரும் வேட்டைக்காரர்கள்! சட்டப்படி செல்லும், மறுக்கவில்லை. ஆனால் டெக்சாஸின் வருட லைசன்ஸ் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடியும். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 காலையில் காபி போடும்போதே நீங்கள் குற்றவாளி. விசாவை அந்த ஒரு காகிதத்தில் தொங்கவிட வேண்டுமா? நானாக இருந்தால் மாட்டேன்.

கிரீன் கார்டு வந்த பிறகும் ஆட்டம் போட முடியாது. துப்பாக்கிக் குற்றம் எதிலாவது தண்டனை ஆனால் கிரீன் கார்டுக்காரரையும் நாடு கடத்தலாம். சிட்டிசனுக்கு அபராதத்தோடு போகிற விஷயம் நமக்கு விமான டிக்கெட்டாக முடியும். பொங்கல் விழாவில் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறவர்களையும், வாட்ஸப் டிபியில் பிஸ்டலோடு நிற்கிறவர்களையும் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அதனால்தான். முன்பு வாட்ச், அப்புறம் டெஸ்லா, இப்போது இது.

துப்பாக்கி வைத்துக்கொண்டு போக டெக்சாஸில் லைசன்ஸ் தேவையில்லாவிட்டாலும் எடுங்கள். 40 டாலர், நாலிலிருந்து ஆறு மணி நேர வகுப்பு, 50 தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போவது ஃபெடரல் குற்றம். மாநில லைசன்ஸ் இருந்தால் அதிலிருந்து விலக்கு உண்டு. புறநகரில் பள்ளியைத் தாண்டாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது. கடை வாசலிலும் கோயில் வாசலிலும் துப்பாக்கியோடு உள்ளே வராதே என்று 30.06, 30.07 எண் போட்டு ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பலகை வைத்திருப்பார்கள். நின்று படியுங்கள். காரில் விட்டுவிட்டுப் போவது அதைவிட மோசம், கண்ணாடியை உடைத்து எடுத்துப் போய்விடுவார்கள்.

சரி, நீங்கள் கேட்ட கேள்வி. மூன்றும் நல்ல சாமான்தான். வில்சனும் நைட்ஹாக்கும் ஆர்கன்சாவில் பெரிவில் என்ற ஒரே சின்ன ஊரிலிருந்து வருகின்றன. இங்கிருந்து ஆறேழு மணி நேர டிரைவ். பில் வில்சன் வாட்ச் ரிப்பேரில் இருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர், 1977-இல் தொடங்கினார். நைட்ஹாக்கில் ஒரு பிஸ்டலை ஒரே கைவினைஞர் முதலிலிருந்து கடைசிவரை செய்து, பிடியின் மேல்தகட்டுக்கு அடியில் தன் இனிஷியலைப் பதித்துவிடுவார். திருப்பாச்சேத்தியில் என் தாத்தா கொல்லரிடம் சொல்லி வைத்து அரிவாள் அடித்து வாங்குவார்; அடித்தவர் பேரைச் சொல்லித்தான் அந்த அரிவாளையே கேட்பார்கள். அந்த ஆசையில் நானும் ஒரு நைட்ஹாக் வாங்கினேன். ஸ்டக்காட்டோ டெக்சாஸ் சரக்கு, 2020 வரை எஸ்டிஐ என்று பேர். நல்ல பிஸ்டல், ஆனால் கஸ்டம், அதாவது கைவேலையில் உருவானது, என்று சொல்ல மனம் வரவில்லை.

எல்லாம் 1911 வழி வந்தவை. பின்னால் இருக்கும் ஹேமர் என்கிற சுத்தியலை இழுத்து வைத்து, தவறி வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டியைப் போட்டு இடுப்பில் செருக வேண்டும். உருவும்போது கட்டைவிரல் தானாகச் சேஃப்டியைத் தட்டிவிடப் பழக மாதக்கணக்கில் ஆகும். இழைத்துப் பொருத்திய துப்பாக்கிகளில் சில, 500 தோட்டா சுட்ட பிறகுதான் வழிக்கு வரும். முழு இரும்பில் செய்தது தோட்டா இல்லாமலே பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டும். நல்ல பெல்ட் இல்லாவிட்டால் பேன்ட் ஒரு பக்கமாகத் தொங்கும். மாலையில் இடுப்பு கடுக்கும். ஆபத்துக்கு ஒரு தடவை சுட்டுவிட்டீர்கள் என்றால், நியாயமே உங்கள் பக்கம் இருந்தாலும், போலீஸ் அதைச் சாட்சிப் பொருளாக எடுத்துப் போய்விடும். நாலாயிரம் டாலர் பொருள் பிளாஸ்டிக் பையில் எத்தனை மாதம் கிடக்குமோ.

என் இடுப்பில் இருப்பது கிளாக் 19 என்ற சாதாரண பிஸ்டல். தோட்டா அடைக்கும் மேகசின் இல்லாமல் 600 கிராம்தான், ஐந்நூறு அறுநூறு டாலர். நைட்ஹாக் சேஃப் என்கிற பூட்டுப் பெட்டியில் எண்ணெய் போட்டுத் தூங்குகிறது. அதை எடுத்துத் துடைக்கும்போதெல்லாம் வீட்டில், “அம்மனுக்கு அபிஷேகம் ஆச்சா?” என்று கேட்பார்கள். எதை வாங்கினாலும் சேஃபை முதலில் வாங்குங்கள். 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி கிடைத்தால் இங்கே வழக்கு உங்கள் மேல்தான்.

ஊருக்குப் போகும்போது ஒன்று. ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை வேறு எதற்கும் தொடாதீர்கள். 2023-இல் இந்த நாட்டு விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் சிக்கின, பெரும்பாலானவை தோட்டா நிரப்பியவை. அங்கே பிடிபட்டால் அபராதத்தோடு தப்பினாலும் தப்பலாம். ஒரு தோட்டா பைக்குள் உருண்டு கிடந்து இந்தியாவில் ஸ்கேனரில் தெரிந்தால் ஆயுதச் சட்டம் பாயும். தெரியாமல் வந்தது என்று நிரூபிக்கக் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். ஒரு தடவை சென்னைக்குக் கிளம்பும் முந்தின இரவு, வீட்டில் பாதாம் பாக்கெட்டைச் செருகும்போது பையின் தையலுக்குள் விரலில் ஏதோ இடித்தது என்றார்கள். லிப்ஸ்டிக் மூடி என்று நினைத்து வெளியே எடுத்தார்கள். 9 மி.மீ. தோட்டா. அந்தப் பையையே அன்று தூக்கிப் போட்டேன்.

புதிதாக வைத்துக்கொண்டு போன நாளில் நான் அடித்த கூத்து வேறு. நம் ஊர் மளிகைக் கடையில் இருபது பவுண்டு பொன்னி மூட்டையைத் தூக்கக் குனிந்தேன், சட்டை மேலே ஏறிவிட்டது. பின்னால் முருங்கைக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி, பேரப்பிள்ளை பார்க்க வந்தவர் போல, “ஏம்பா, போலீஸா நீ?” என்றார். இல்லைம்மா என்றேன். “போலீஸ் இல்லேன்னா எதுக்கு அது?” என்னிடம் பதில் இல்லை. அவரும் காத்திருக்கவில்லை. மேல் தட்டில் இருந்த நல்லெண்ணெய் டப்பாவைக் காட்டி எடுத்துக் கொடுக்கச் சொன்னார். கையைத் தூக்கினால் சட்டை இன்னும் ஏறும். கடைப் பையனைக் கூப்பிட்டு எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அரிசியை எடுக்காமலே வெளியே வந்துவிட்டேன்.