சித்திக்கு மட்டும் எடுத்த டிக்

கேள்வி: நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரைச் சேர்ந்தவன், வயது 32. புதுச்சேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தினமும் பஸ்ஸில்தான் போய்வருகிறேன். கடன் வழங்கும் செயலி ஒன்றை எங்கள் நிறுவனம் தயாரித்துப் பராமரிக்கிறது. என்னைவிட மூன்று ஆண்டு ஜூனியர் ஒருவர் இந்த ஏப்ரலில் டீம் லீட் ஆகிவிட்டார். எனக்கு அப்ரைசலில் ‘கம்யூனிகேஷன் போதாது’ என்று எழுதிவிட்டார்கள். மீட்டிங்கில் ஆங்கிலத்தில் பேச எனக்கு நாக்கு எழாது. மற்றபடி வேலையில் என்மீது ஒரு குறையும் கிடையாது. போன வருடம் கடன் திரையில் காப்பீட்டுக்கான டிக் முன்கூட்டியே விழுந்திருக்கும்படி வைக்கப்பட்டது. மேனேஜர் சொன்ன அந்த வேலையை ஒரே மாலையில் முடித்துக் கொடுத்ததற்காக அவர் எல்லார் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார். முதுநகரில் மீன் விற்கும் என் சித்தி அதே செயலியில் 50,000 ரூபாய் கடன் எடுத்தபோது, நானே பக்கத்தில் உட்கார்ந்து அந்த டிக்கை எடுத்துவிட்டு 1,475 ரூபாயை மிச்சப்படுத்திக் கொடுத்தேன். அந்த அளவுக்கு அந்த மென்பொருள் எனக்கு அத்துப்படி. தங்கைக்குத் தையில் கல்யாணம். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரட்டுமா, சென்னைக்கு வேலை மாறட்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

பதில்: தம்பி, ஜூனியர் முந்திவிட்டார், ஆங்கிலம் வரவில்லை, அப்ரைசலில் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்கள் என்று எனக்கு வந்த கடிதங்களைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு பீரோ நிறைந்திருக்கும். அவற்றுக்கு ஆறுதலாகப் பதில் எழுதியதும் உண்டு. உங்களுக்கு அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, பெருமைக்காகப் போகிறபோக்கில் எழுதிய இரண்டு வாக்கியங்களையே மூன்று நாட்களாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்களும் ஒருமுறை படித்துப் பாருங்கள். டிக் ‘வைக்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். யாரால் என்று எழுதவில்லை. சித்தியின் கைப்பேசியில் அதே டிக்கை எடுக்கும்போது மட்டும் ‘நானே பக்கத்தில் உட்கார்ந்து’ என்று வருகிறது. வைத்தது செயப்பாட்டுவினை, எடுத்தது செய்வினை. எட்டாம் வகுப்புத் தமிழாசிரியர் இலக்கணத்துக்காக முழு மதிப்பெண் கொடுத்திருப்பார். என்னால் கொடுக்க முடியவில்லை.

அந்தக் காப்பீடு நல்லது என்று நீங்கள் நம்பியிருந்தால், கடலையும் காற்றையும் நம்பிப் பிழைக்கும் சித்திக்கு அதை வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். ‘இருக்கட்டும் சித்தி, நாளைக்கு உதவும்’ என்று விளக்கிச் சொல்லிக் கட்ட வைத்திருப்பீர்கள். அதைப் பற்றிய உங்கள் தீர்ப்பை உங்கள் விரலாலேயே எழுதிவிட்டீர்கள். சித்திக்குப் பக்கத்தில் கூடை வைத்து விற்கும் இன்னொரு பெண்ணும் அதே செயலியில் அதே கடனை எடுத்திருப்பார் என்று வையுங்கள். அவருக்குப் பக்கத்தில் உட்கார மென்பொருள் படித்த பிள்ளை இல்லை. ஐம்பதாயிரம் என்று நம்பியவர் கைக்கு 48,525 ரூபாய் வந்திருக்கும். மிச்சம் எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரிந்தும் இருக்காது. 1,475 ரூபாய் என்பது எத்தனை நாள் கூடை சுமந்த காசு என்று சித்தியைக் கேளுங்கள். அவர் கணக்குப் பார்க்காமலே சொல்வார்.

குடும்பம், சொந்தம், கடமை என்று பேசினாலே பழம்பஞ்சாங்கம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. சொந்தத்தைக் காப்பாற்றத்தான் வேண்டும், அதிலும் தாய்க்குச் சமமான சித்தியை. ஆனால் நம் ஊரில் உறவுச் சொல் வீட்டு வாசலோடு நிற்பதில்லை. அரியாங்குப்பத்திலோ தவளக்குப்பத்திலோ கூடையோடு பஸ்ஸில் ஏறும் பெண்ணை ‘அக்கா, இப்படித் தள்ளி உட்காருங்க’ என்று கூப்பிட்டுத்தானே நீங்கள் எட்டு வருடமாகப் போய்வருகிறீர்கள்? அந்தக் கூடையை ஏற்றுவதற்கு எத்தனை நாள் கை கொடுத்திருப்பீர்கள்? இறங்கி அலுவலகத்தில் போய் உட்கார்ந்ததும் அந்த அக்கா ‘யூசர்’ ஆகிவிடுகிறார். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

கோபப்பட எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். முப்பது ஆண்டுகள் வங்கியில் இருந்தவள் நான். பண்ருட்டிப் பக்கத்துக் கிளை ஒன்றில் கடன் பிரிவில் இருந்தபோது, கடன் பத்திரங்களின் நடுவே காப்பீட்டு விண்ணப்பம் ஒன்றையும் செருகிவைப்போம். கையெழுத்து எங்கெங்கே வேண்டுமோ அங்கெல்லாம் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவது என் வேலை. முந்திரித் தோப்பை நம்பிக் கடன் வாங்க வந்த மனிதர் குறி இருந்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவார். அவர் எழுந்து போனதும் ரப்பரால் குறிகளை அழித்து, தூளை மேஜையிலிருந்து தட்டிவிடுவேன். கிளைக்கு டார்கெட் இருந்தது, மேலாளர் சொன்னார், எல்லாரும் செய்தார்கள். ஒருவர் மட்டும் இரண்டு மாதம் கழித்துப் பாஸ்புக்கோடு வந்து, ‘பணம் போனா பரவாயில்லம்மா, இன்னதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுத்திருக்கலாமே?’ என்று கேட்டார். அது விதி என்று சொல்லி அனுப்பினேன். அப்படி ஒரு விதி கிடையாது.

என் பென்சில் குறிகளை ரப்பர் அழித்துவிட்டது. உங்களுக்கு அந்த வசதியும் இல்லை. இந்தத் துறையில் இருக்கும் என் மருமகள் காட்டித்தான் எனக்குத் தெரியும்: நிரல்களைச் சேமித்துவைக்கும் ‘கிட்’ மென்பொருளில் ‘பிளேம்’ என்று ஒரு கட்டளை இருக்கிறதாம், எந்த வரியைக் கடைசியாக மாற்றியவர் யார், எந்தத் தேதி, எத்தனை மணி என்று வரிக்கு வரி பெயர் போட்டுக் காட்டுகிறது. அதில் ‘வைக்கப்பட்டது’ என்று வராது. உங்கள் பெயர் வரும்.

மேனேஜர் சொன்னதைச் செய்தேன் என்பீர்கள். ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களில், புகைச் சோதனை நடக்கும்போது மட்டும் புகையை அடக்கிக் காட்டும் மென்பொருள் இருந்தது 2015-இல் வெளியே வந்தது. 2017 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறையும் 2 லட்சம் டாலர் அபராதமும் விதித்த ஜேம்ஸ் லியாங், அந்த நிறுவனத்தின் தலைவர் அல்லர், பொறியாளர். நம் நாட்டில் சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கணக்கு மோசடி வழக்கில் 2015 ஏப்ரலில் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ஏழாண்டுச் சிறை விதித்த 10 பேரிலும் நிதிப் பிரிவில் ஊழியர்களாக இருந்தவர்கள் உண்டு. ஒரு டிக்குக்காக உங்களை யாரும் சிறையில் போடப் போவதில்லை. உங்களை மிரட்ட நான் இதை எழுதவில்லை. மேலே இருப்பவர் சொன்னார் என்ற பதில் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் பென்சில் பிடித்த காலத்தில் யாரும் இதைத் தப்பு என்று எழுதிவைத்து நான் பார்த்ததில்லை. உங்கள் காலத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். இணைய வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், வாங்குபவரின் சம்மதத்தை முன்கூட்டியே டிக் போட்ட கட்டத்தின் மூலம் பதிவு செய்யக் கூடாது என்று அந்தக் கட்டத்தையே பெயர் சொல்லித் தடுக்கின்றன. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், திரையில் ஆளை ஏமாற்றும் உத்திகளில் 13 வகைகளைப் பட்டியலிட்டது. கேட்காத பொருளைக் கூடையில் செருகுவதும் அதில் ஒரு வகை. விமான டிக்கெட்டோடு தானாகச் சேரும் பயணக் காப்பீடு அதற்குச் சொல்லப்பட்ட உதாரணம். ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடனுக்கு 2022 செப்டம்பர் 2 அன்று வெளியிட்டு, 2025-இல் புதிய உத்தரவுகளாக மாற்றிய வழிகாட்டுதல்களின்படி, கடன் வாங்குபவருக்கு வட்டியும் எல்லாக் கட்டணங்களும் அடங்கிய முக்கிய விவர அறிக்கையை முன்னதாகவே கொடுக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. இவற்றில் எது உங்கள் செயலிக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை உங்கள் நிறுவனத்தின் சட்டப் பிரிவு சொல்லட்டும். இவற்றை நீங்கள் இதுவரை படித்துப் பார்த்தீர்களா என்பதே என் கேள்வி. எட்டு வருட அனுபவம் உள்ளவர் தன் கை தொட்ட திரையைப் பற்றிய விதியைப் படிக்காமல் இருந்தால், அதை அனுபவம் என்று நான் எண்ண மாட்டேன்.

இனி உங்கள் ‘கம்யூனிகேஷன்’. கடிதத்தைக் கோர்வையாக, பிழையில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். சொல்லத் தெரியாதவரின் கடிதம் அன்று இது. புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் மீட்டிங் என்றால் பாதிப் பேச்சு தமிழில்தான் நடக்கும் என்பது எனக்கும் தெரியும். அந்த மாலையில் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: ‘இந்த டிக்கை நாமே ஏன் சார் போட்டுவைக்கிறோம்?’ அதற்கு எந்த ஆங்கில வகுப்பும் தேவையில்லை. நீங்கள் கேட்கவில்லை, ஒரே மாலையில் முடித்தீர்கள், பாராட்டு வந்தது. எட்டு வருடத்தில் சொல்லிக்கொள்ள உங்களுக்கு இருந்தது இந்த ஒரு பாராட்டு என்பதையும் கவனியுங்கள். எதைச் சொன்னாலும் மறுகேள்வி கேட்காமல் சாயங்காலத்துக்குள் முடித்துத் தருகிற ஆளை எந்த மேனேஜரும் அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப மாட்டார். அந்த ஆள் அங்கேயே இருப்பதுதான் மேனேஜருக்கு வசதி. டீம் லீட் என்பவர் இது சரிவராது என்று சொல்ல வேண்டியவர். சொல்ல வேண்டிய ஒன்றைத் தொண்டையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவருக்கு மற்றப் பேச்சும் வராது. உங்களை முந்திய ஜூனியர் உத்தமரா என்பது எனக்குத் தெரியாது. அது நம் விஷயமும் இல்லை.

வகுப்புக்குக் கட்ட வைத்திருக்கும் பணத்தை வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு பக்கம் எழுத உட்காருங்கள். முதலில் தமிழில் எழுதுங்கள், அதை வீட்டில் யாருக்காவது படித்துக் காட்டுங்கள். அவர்களுக்குப் புரியும்வரை திருத்துங்கள். பிறகு ஆங்கிலத்தில் மாற்றி மேனேஜருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். திரையில் இப்போது என்ன இருக்கிறது, விதி என்ன சொல்கிறது, இந்தக் காப்பீடு வேண்டாம் என்று மாதம் எத்தனை பேர் புகார் செய்கிறார்கள் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். மூன்றாவதைக் கேட்க வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு நடந்து போங்கள். அங்கே அழைப்பெடுத்துத் திட்டு வாங்கும் பெண்கள் உங்களிடம் மனம் திறந்து பேசுவார்கள். குறை சொல்வதோடு நிறுத்தாமல் மாற்றுத் திரையையும் நீங்களே வரைந்து வையுங்கள்: கட்டம் காலியாக இருக்கட்டும், அதன் பக்கத்தில் ‘இந்தக் காப்பீடு கட்டாயமில்லை. எடுத்தால் 1,475 ரூபாய் உங்கள் கடன் தொகையிலிருந்து கழிக்கப்படும்’ என்று சித்திக்குப் புரியும் தமிழில் இருக்கட்டும். அலுவலகத்தில் வேலைகளைக் குறித்துவைக்கும் ‘டிக்கெட்’ பதிவிலும் அதை எழுதிவையுங்கள். டீக்கடையில் நின்று மேனேஜரைத் திட்டுவது, வாடிக்கையாளர் விவரங்களையோ நிரலையோ உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவைப்பது, இரண்டும் வேண்டாம். முன்னது கோழைத்தனம், பின்னதில் தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும்.

மேனேஜர் மறுத்தால் அவருக்கு மேலே உள்ளவருக்கோ, விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் இணக்கப் பிரிவு இருந்தால் அங்கேயோ, அதே பக்கத்தை இன்னொரு முறை அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் சென்னையில் வேலை தேடுங்கள். நாளைக்கே ராஜினாமா செய்துவிட்டு வீரம் காட்டச் சொல்ல மாட்டேன். தையில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அண்ணன் சம்பளமில்லாமல் நிற்பது தங்கைக்குச் செய்யும் துரோகம். வேறு வேலை உறுதியான பிறகு விடுங்கள். ஆனால் அந்தக் கல்யாணத்தைக் கொண்டுவந்து டிக்குக்கு முன்னால் மறைப்பாக நிறுத்தாதீர்கள். தங்கையின் மேடைக்கு உங்கள் சம்பளம் போகட்டும். அந்த டிக்குக்குக் காரணம் சொல்ல அவள் பெயர் வேண்டாம். இன்னொன்றும் சொல்கிறேன்: உங்கள் துறையின் நேர்காணல்களில், மேலதிகாரியோடு கருத்து வேறுபட்ட ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள் என்று கேட்பது வழக்கமாம். இன்றைய நிலையில் உங்களிடம் அதற்குப் பதில் இல்லை.

மின்னஞ்சலுக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சித்தி வீட்டுக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று அவருக்கு வியாபாரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் ஓய்வாக இருப்பார். ‘அன்னைக்கு எடுத்துக் கொடுத்தேனே, அந்த டிக்கைப் போட்டதும் நான்தான் சித்தி’ என்று சொல்லுங்கள். ‘வைக்கப்பட்டது’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘யாருடா வெச்சது?’ என்றுதான் அவர் கேட்பார்.