தையல்சிட்டுக்கும் கடற்காகத்துக்கும் என்ன வேறுபாடு?

கேள்வி பொள்ளாச்சித் தோப்பில் கத்தும் தையல்சிட்டையும் ராமேஸ்வரத்தில் பார்த்த கடற்காகத்தையும் பற்றியது. எடையிலேயே தொடங்கலாம். தையல்சிட்டு பத்து கிராமைத் தாண்டாது. நம் கரைக்குக் குளிர்காலத்தில் வரும் பழுப்புத்தலைக் கடற்காகம் ஏறக்குறைய அரைக் கிலோ.

ஆனால் குரலில் சிட்டுதான் பெரிய ஆள். 'டுவிட் டுவிட்' என்று தெருமுனை வரை கேட்கும்.

அதன் கூட்டைக் கட்டாயம் பாருங்கள். திருப்பூரில் எங்கள் வீட்டு எலுமிச்சையில், இலை ஓரத்தில் அலகால் ஓட்டை போட்டு, நூலைக் கோத்து இழுத்திருந்தது. சிலந்தி இழையோடு பனியன் நூலும் இருந்தது! துளைக்கு வெளியே நூல் பிரிந்து முடிச்சுப் போல நிற்கும், அதனால் உருவாது.

கடற்காகத்தின் அதிசயம் வேறு. அது கடல்நீரையே குடிக்கும். கண்ணுக்கு மேலுள்ள சுரப்பிகள் உப்பைப் பிரித்தெடுக்க, அது மூக்குத்துளை வழியே வந்து அலகு நுனியில் சொட்டும், தலையை உதறிவிடும்.

அப்புறம் கால்கள். சிட்டுக்குக் கிளையைப் பற்றும் விரல்கள், கடற்காகத்துக்கு நீந்தச் சவ்வு. குஞ்சுகளும் அப்படியே: சிட்டின் குஞ்சு கண் திறக்காமல் வெற்றுடம்போடு பிறக்கும், கடற்காகக் குஞ்சு பஞ்சுத் தூவியோடு, திறந்த கண்ணோடு பொரிந்து வரும்.