வாசகர் கேள்வி: மணிதான் ஓடுகிறதே, எண் எதற்கு?

கேள்வி: ஐயா, நுண்துகள்களைப் பெருவேகத்தில் விரட்டும் துகள் முடுக்கியில், கொத்தாகக் கிளம்பும் ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் எண் கொடுப்பார்கள் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். எல்லா கம்ப்யூட்டரிலும் மணி ஓடுகிறதே, அது போதாதா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவையே எடுத்துக்கொள்ளுங்களம்மா. வைகாசி முதல் நாள், தெரு நெடுக ஐம்பது பேர் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். அத்தனையையும் பிறகு பொருத்த வேண்டுமென்றால் போன் மணியை நம்பக்கூடாது. நடுவில் ஒரு அதிர்வேட்டு போட்டார்களே, அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டால் ஐம்பதும் வரிசைக்கு வந்துவிடும். முடுக்கியில் அந்த வேட்டுதான் எண்ணோடு வரும் டிரிகர், அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் ‘இப்போது அள’ என்று எல்லாக் கருவிகளுக்கும் போகும் சமிக்ஞை.

அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்து எக்ஸ்-கதிர் லேசரின் பழைய முடுக்கியில் நொடிக்கு 120 எலெக்ட்ரான் துடிப்புகள். இடைவெளி 8 மில்லி நொடி சொச்சம். கம்ப்யூட்டர் வேறு வேலையில் இருந்து, சற்றுத் தாமதமாகப் படித்து மணியைக் குறித்தால் அளவு அடுத்த துடிப்பின் கணக்கில் விழும். டிரிகர் வந்த கணமே கருவி அளந்து எண்ணை ஒட்டிவிட்டால், கம்ப்யூட்டர் ஆற அமரப் படிக்கலாம்.

நான் ராணிப்பேட்டைக்காரன். வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது ஒரு இரவு ஷிஃப்டில் துகள் கற்றை பாதையிலிருந்து விலகியது. கற்றையை வழிநடத்தும் காந்தத்தின் மின்னோட்டம் அதற்குப் பிறகே இறங்கியதாகப் பதிவு சொல்லிற்று. சரி, காந்தத்தின் மேல் பழி இல்லை என்று விடியும்வரை வேறெங்கோ தேடினோம். காந்தத்தைப் பதிவுசெய்த கம்ப்யூட்டர் மணி 2 நொடி முந்தி ஓடிக்கொண்டிருந்தது! டீ செலவு மட்டும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

வேட்டுச் சத்தமும் 340 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒரு நொடி கழித்துத்தானே கேட்கும்? டிரிகரைக் கொண்டுபோகும் ஃபைபர் என்னும் கண்ணாடி இழையிலும் அப்படித்தான், மீட்டருக்கு 5 நானோ நொடி தாமதம் (நானோ நொடி என்றால் நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு). சூடு ஏறினால் அதுவும் மாறும். நம் வேலூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். ஜெனீவா அருகே உள்ள செர்ன் துகள் ஆய்வகத்தில் பிறந்த ‘ஒயிட் ராபிட்’ முறை, சமிக்ஞை போய்த் திரும்பும் நேரத்தை ஓயாமல் அளந்து, ஒரு நானோ நொடிக்கும் குறைவான பிசகில் கடிகாரங்களைச் சேர்த்து வைக்கிறது.

இன்னொரு வேடிக்கை. செர்னின் 27 கிலோமீட்டர் வளையத்தைப் புரோட்டான் நொடிக்கு 11,245 முறை சுற்றுகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளியின் வேகம் மூன்றில் இரண்டு பங்குதான். கற்றை கிளம்பிய பிறகு ஃபைபரில் சொல்லி அனுப்பினால் சேதி அதை எட்டிப் பிடிக்காது. அதனால், “இன்ன கணத்தில் அளந்துகொள்” என்று கருவிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுவார்கள்.