பேயே வரலையே சார்! திகில், மர்ம நாவல்கள் கேள்வி பதில்

சமீபத்தில் படித்த திகில், த்ரில்லர் புத்தகங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கருத்துகளும் சந்தேகங்களும் கீழே. முடிவை உடைக்க நேரும் பதில்களில் முதலிலேயே எச்சரிக்கை இருக்கும்.

கேள்வி: ‘டிராகுலா’ இப்போதான் முடிச்சேன் சார். முதல் நாலு அத்தியாயம் தூக்கத்தையே கெடுத்துடுச்சு. அப்புறம் ஆளையே காணோம். எல்லாரும் உட்கார்ந்து டைரி எழுதிக்கிட்டே இருக்காங்க. எனக்கு மட்டும்தான் போரடிச்சுதா?

பதில்: நிறையப் பேர் அந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடிவைக்கிறார்கள். முதல் நான்கு அத்தியாயமும், டிராகுலாவின் கோட்டைக்குப் போகும் இளம் வக்கீல் ஜோனதன் ஹார்க்கரின் நாட்குறிப்பு மட்டுமே. அவனுக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும். மூன்றாம் அத்தியாயத்தில் கதவுக் கீல் இடுக்கு வழியாக, டிராகுலா பிரபு தானே சாப்பாட்டு மேஜையை அடுக்கிவைப்பதைப் பார்க்கிறான். அவ்வளவு பெரிய கோட்டையில் வேலைக்காரர் ஒருவர்கூட இல்லை என்று அப்போதுதான் உறைக்கிறது. அப்படியானால் ராத்திரி ஓநாய்களைக் கையசைத்து விரட்டிய வண்டிக்காரன் யார்? ரத்தமும் இல்லை, அலறலும் இல்லை. ஒருவர் தட்டு வைக்கிறார், நமக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து நிலைமை தலைகீழ். வந்திருப்பது யார் என்று நமக்குத் தெரியும், அவர் குறிவைக்கும் இளம்பெண் லூசிக்கோ அவளைச் சுற்றியிருப்பவர்களுக்கோ தெரியாது. அதனால் பயம் போய், ‘இவங்களுக்கு எப்போதான் விளங்கும்’ என்ற பொறுமையின்மை வந்துவிடுகிறது. 1897-இல் முதல்முறை படித்தவருக்கு இந்தத் தொல்லை குறைவு. நாம் பெயரைக் கேட்டதுமே பல்லைப் பார்த்துவிடுகிறோம். லூசிக்கு நான்கு ஆண்கள் வரிசையாக ரத்தம் கொடுக்கும் பகுதிதான் உண்மையிலேயே இழுவை. (ரத்த வகைகள் கண்டுபிடிக்கப்பட்டது 1901-இல். அதனால் யாருக்கு யார் ரத்தம் சேரும் என்ற கவலை அங்கே எவருக்கும் இல்லை.) அதை வேகமாகக் கடக்கலாம். ஆனால் ஏழாம் அத்தியாயத்துக் கப்பல் குறிப்பேட்டைத் தாண்டிவிடாதீர்கள், தனிச் சிறுகதையாகவே நிற்கும். பதினேழாம் அத்தியாயத்தில் ஹார்க்கரின் மனைவி மினா எல்லாருடைய குறிப்புகளையும் தேதிவாரியாகத் தட்டச்சு செய்து அடுக்கியதும் எல்லாரும் ஒரே நிலைக்கு வருகிறார்கள். அங்கிருந்து வேகம் பிடிக்கும்.

கேள்வி: வெயில் பட்டா டிராகுலா எரிஞ்சு சாம்பலாகணும்தானே? நாவல்ல பகல்லயே லண்டன் தெருவுல நிக்குறாரே, தப்பான பதிப்பு வாங்கிட்டேனோ?

பதில்: சரியான பதிப்புதான். நாவலை எழுதிய ப்ராம் ஸ்டோக்கரின் பிரபுவுக்குப் பகலில் சக்தி குறையும், சாவு வராது. வெயிலில் அழிந்துபோவது 1922-இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ மௌனப் படத்தின் கைவேலை.

கேள்வி: எல்லாரும் தலைமேல தூக்கிவச்சு ஆடுறாங்களேன்னு ஷெர்லி ஜாக்சனோட ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ படிச்சேன். கடைசி வரைக்கும் ஒரு பேய்கூட முகத்தைக் காட்டலை. இது எந்த ஊர் ஹாரர்?

பதில்: 1959-இல் வந்த அந்த நாவலில் பேய்க்கு முகம் கொடுத்திருந்தால் இன்று யாரும் அதை நினைத்துப் பார்க்கமாட்டோம். அந்த வீட்டில் கதவுகள் தாமாகச் சாத்திக்கொள்ளும். சமையல்கார அம்மா மிஸஸ் டட்லியின் வேலை என்று அங்கே தங்க வந்தவர்கள் முதலில் எண்ணுகிறார்கள். பிறகு அவர்களை அழைத்துவந்த டாக்டர் மான்டேக் ஒரு காரணம் சொல்கிறார்: கட்டியவன் எந்த மூலையையும் நேர்கோணமாக வைக்கவில்லை, எல்லாம் இம்மி பிசகியவை, கதவுகள் மையத்தில் தொங்கவில்லை, அதனால் தாமே ஆடிச் சாத்திக்கொள்கின்றன. விளக்கம் கச்சிதம், ஆனால் நிம்மதி வரவில்லை. வீடு முழுக்கக் கோணல் என்றால் கண் எதை நம்பும்?

கை பிடிக்கும் காட்சியைத் திரும்பப் படியுங்கள். இருட்டு. அடுத்த அறையில் முணுமுணுப்பு. தங்க வந்தவர்களில் ஒருத்தியான எலினார் தோழியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் தாங்குகிறாள். விளக்கு எரிகிறது. தோழி எட்ட இருக்கும் கட்டிலில் இருக்கிறாள். அந்த இடத்தில் ஜாக்சன் ஒரு வரிகூட விளக்கவில்லை. உங்களுக்கு ஏமாற்றம் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: அதே பெயரில் 2018-இல் வந்த வெப் தொடரை முதலில் பார்த்திருந்தால், அது வேறு குடும்பம், வேறு கதை. அந்த எதிர்பார்ப்போடு போனால் நாவல் கைகொடுக்காது.

கேள்வி: ஹென்றி ஜேம்ஸின் ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’வில் அந்த ஆசிரியைக்குப் பைத்தியமா, நிஜமாகவே பேயா? ஒரு பக்கமாகத் தீர்ப்புச் சொல்லுங்கள் ஐயா. (முடிவு உடையலாம்.)

பதில்: 1898-இல் வந்த கதை. பேய் அவள் மனத்தில்தான் என்ற வாசிப்பை வலுவாக முன்வைத்தது எட்மண்ட் வில்சன் 1934-இல் எழுதிய கட்டுரை. அந்தக் கட்சிக்குப் பெரிய முட்டுக்கட்டை ஒன்றுண்டு: முன்பின் பார்த்திராத ஆளின் தலைமுடி, கிருதா, உடை எல்லாவற்றையும் அவள் வர்ணிக்க, வீட்டுக்காரியம் பார்க்கும் மிஸஸ் க்ரோஸ் உடனே அது செத்துப்போன பீட்டர் க்விண்ட் என்று பெயர் சொல்லிவிடுகிறாள். பைத்தியம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பேய் என்பவர்களுக்கும் ஒரு முள் உண்டு: வேறு யாருமே அவற்றைப் பார்த்ததாக வாய்திறந்து சொல்வதில்லை. என் சாய்வு பேய்ப் பக்கம். ஆனால் அவள் பொறுப்பிலிருந்த சிறுவனுக்குக் கேடு வந்தது பேயால் அல்ல, அவளுடைய காவலால்.

கேள்வி: அண்ணா, நாவல் படிக்கப் பொறுமை இல்லை. அரைமணி நேரத்துல முடியுற மாதிரி, ராத்திரி லைட்டை அணைக்க விடாத ஒரு கதை?

பதில்: டபிள்யூ. டபிள்யூ. ஜேகப்ஸின் ‘தி மங்கீஸ் பா’. 1902. காப்புரிமை காலாவதியானதால் இணையத்தில் இலவசம். மூன்று வரம் தரும் காய்ந்த குரங்குக் கை. முதல் வரமாகக் கேட்ட 200 பவுண்டு வருகிறது, மகன் ஆலை இயந்திரத்தில் சிக்கி இறந்ததற்கான ஈட்டுத்தொகையாக. இதற்குமேல் தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

மகன் திரும்பி வரவேண்டும் என்று தாய் கேட்கவைக்கிறாள். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. கதையைத் தூக்கி நிறுத்துவது முன்பே போகிறபோக்கில் வந்த ஒரே தகவல்: தகப்பன் சடலத்தைப் பார்த்தவர், துணியை வைத்துத்தான் அடையாளம் சொல்ல முடிந்தது. தாய் பார்க்கவில்லை. அதனால் அதே தட்டல் அவளுக்கு மகன், அவருக்கு வேறு எதுவோ. மேல் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போடும் சத்தம் கேட்கிறது. அவர் தரையில் தவழ்ந்து குரங்குக் கையைத் தேடுகிறார். வாசலில் நிற்பதை ஜேகப்ஸ் காட்டியிருந்தால் அதோடு கதை செத்திருக்கும்.

கேள்வி: ‘ரிங்’ படம் பார்த்துப் பயந்தவள் நான். நாவலை வாங்கினால் டிவியிலிருந்து யாரும் வெளியே வரவே இல்லை!

பதில்: வரமாட்டார்கள். கோஜி சுஸுகியின் 1991 நாவலில் நாயகன் அசகாவா ஓர் ஆண் நிருபர். 1998 படம்தான் அந்தப் பாத்திரத்தைப் பெண்ணாக்கியது, டிவிக் காட்சியையும் அதுவே சேர்த்தது. நாவல் அடிப்படையில் காலக்கெடு வைத்த துப்பறியும் கதை: ஏழு நாள், ஒரு வீடியோ, யார் பதிவு செய்தது, எங்கே, எப்படி. வீடியோவில் வரும் ஒவ்வொரு காட்சியையும் இரண்டு பேர் பிரித்து மேயும் பகுதி அருமை. அடுத்த பாகங்கள் ‘ஸ்பைரல்’, ‘லூப்’ இரண்டும் அறிவியல் புனைவுப் பக்கம் போய்விடும். பேய்தான் வேண்டுமென்றால் முதல் பாகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’ல கொலை முதல் அத்தியாயத்துலயே நடந்துடுது. யார் பண்ணாங்க, எதுக்குன்னு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. இதுக்கு மேல என்ன இருக்குன்னு வச்சுட்டேன். தப்பு பண்ணிட்டேனா?

பதில்: தப்புதான், உடனே எடுங்கள். குற்றத்தை முதலில் காட்டிவிட்டு, மாட்டுவார்களா என்று பார்க்கவைக்கும் வகை இது. ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-இல் ‘தி சிங்கிங் போன்’ தொகுப்பில் தொடங்கிவைத்த பாணி. கெய்கோ ஹிகாஷினோ 2005-இல் அதில் இன்னொரு அடுக்கு சேர்த்தார். எல்லாம் தெரியும் என்று நாம் நினைப்பதுதான் அவர் வைத்த பொறி. கணக்கு வாத்தியார் இஷிகாமி தன் தேர்வுத்தாள் பற்றிச் சொல்லும் ஒரு பேச்சு வரும்: ஜியாமெட்ரி கணக்கு போலத் தெரியும், உண்மையில் அது வேறு கணக்கு. அந்த இடத்தில் கொஞ்சம் நின்று, போலீஸ் எந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று யோசியுங்கள். இதற்குமேல் ஒரு சொல் சொன்னாலும் பாவம்.

கேள்வி: இப்போ வர்ற சைக்கலாஜிக்கல் த்ரில்லர் எல்லாத்துலயும் கடைசி இருபது பக்கத்துல ஒரு ட்விஸ்ட். பாதி நேரம் ஏமாத்துன மாதிரி இருக்கு. நல்ல ட்விஸ்ட், கெட்ட ட்விஸ்ட் எப்படிப் பிரிக்கிறது?

பதில்: புத்தகத்தை முடித்த கையோடு முதல் முப்பது பக்கத்தை மறுபடி படியுங்கள். நல்லதாக இருந்தால் வரிகளுக்கு இரண்டாவது அர்த்தம் முளைக்கும். கெட்டதாக இருந்தால் ஒன்றும் மாறியிருக்காது.

கெட்டதற்கு அடையாளம் இப்படி இருக்கும்: ‘அவள் கடிதத்தைப் பிரித்தாள். படித்ததும் அதிர்ந்துபோனாள்.’ அத்தியாயம் முடிந்தது. அடுத்த நூறு பக்கம் அவள் தலைக்குள்ளேயே இருக்கிறோம், கடிதத்தில் என்ன என்று மட்டும் அவள் நினைக்கவே மாட்டாள். எழுத்தாளர் நம் கண்ணைப் பொத்துகிறார், அவ்வளவுதான். அகதா கிறிஸ்டி மறைக்கமாட்டார், கண்ணெதிரே வைப்பார். அறையிலிருந்த பொருள்களை அடுக்கும்போது முக்கியமானதை நடுவில் சொருகுவார், சொல்லி முடித்ததும் யாராவது உள்ளே வந்து பேச்சை மாற்றுவார்கள். நம் கவனம் வந்தவர்மேல் போய்விடும். ஆகவே உரையாடல் திடீரென்று அறுபடும் இடத்துக்கு முந்தைய பத்தியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைப்பது பலன் தரும்.

ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதி எழுதினார். ஒன்றுக்கு மேல் ரகசிய வழி கூடாது, முன்கூட்டிக் கோடி காட்டாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது என்பவை அவற்றில் சேர்த்தி. இந்த இரட்டையர் விதியை நம் ஊரில் கறாராக அமல்படுத்தியிருந்தால் பாதி மெகா சீரியல் வந்திருக்காது.

கேள்வி: ஸ்டீபன் கிங் எங்கே ஆரம்பிப்பது? ‘இட்’ வாங்கி நூறு பக்கத்தில் நிற்கிறேன். ‘தி ஸ்டாண்ட்’ இரண்டு பதிப்பு இருக்கிறதாமே?

பதில்: ‘இட்’ ஆயிரம் பக்கத்துக்கு மேல், 1958-க்கும் 1985-க்கும் மாறிமாறித் தாவும். முதல் புத்தகமாக அது வேண்டாம். ‘மிசரி’யில் தொடங்குங்கள். 1987, ஒரு வீடு, இரண்டே பேர். கால் நொறுங்கிப் படுத்திருக்கும் எழுத்தாளனை அவனுடைய ரசிகை நாவல் எழுதவைக்கிறாள். அவள் வாங்கித்தரும் பழைய தட்டச்சு இயந்திரத்தில் ஆங்கில ‘என்’ (N) எழுத்து கிடையாது, அதைக் கையால் நிரப்ப வேண்டும். போகப்போக இன்னும் சில எழுத்துகள் உதிரும். அவன் நிலைமை மோசமாவதைப் பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். ‘தி ஸ்டாண்ட்’ 1978-இல் வெட்டப்பட்டு வந்தது, 1990-இல் நீக்கிய பகுதிகளோடு மீண்டும் வந்தது. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் 1990 பதிப்பே.

கேள்வி: தமிழ்ல பழைய தொடர்கதைகளைப் புத்தகமா படிச்சா ஏன் இவ்ளோ திக்குமுக்காடுது? ஒவ்வொரு அத்தியாயமும் அலறல்லயே முடியுது.

பதில்: வாராவாரம் வாசகரைக் கட்டிவைக்க எழுதியது அது. ஏழு நாள் ஆறவேண்டிய கொக்கியை நாம் ஏழு நொடியில் கழற்றுகிறோம். ஒரே மூச்சில் முடிக்காமல் நாளைக்கு இரண்டு, மூன்று அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் சுவை திரும்பும். சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ இப்படிப் படிக்கச் சரியான புத்தகம். கணேஷ் விஞ்ஞானத்தைப் பிடித்துக்கொள்ள, வசந்த் பேய்ப் பக்கம் சாய, நாம் நடுவில் ஊசலாட ஓர் இரவு இடைவெளி தேவை. ராஜேஷ்குமாரின் மாத நாவல்கள் வேறு ரகம். சம்பந்தமில்லாத இரண்டு டிராக் மாறிமாறி ஓடி இறுதியில் முட்டிக்கொள்ளும். அதை மட்டும் ஒரே உட்காரலில் முடித்துவிடுங்கள், விட்டுவிட்டுப் படித்தால் பெயர்கள் குழம்பும்.

கேள்வி: உகெட்சுவோட ‘ஸ்ட்ரேஞ்ச் ஹவுசஸ்’ கிண்டில்ல வாங்கலாமா?

பதில்: அச்சில் வாங்குங்கள். முகமூடி அணிந்து யூடியூபில் வரும் ஜப்பானிய எழுத்தாளர் அவர். கதை முழுக்க வீட்டு ப்ளானை வைத்தே நகரும்: ஜன்னலே இல்லாத குழந்தை அறை, எதற்கென்று தெரியாமல் சுவருக்குள் அடைபட்ட வெற்றிடம். ‘மேலே உள்ள அறையைக் கீழே உள்ளதன்மேல் வைத்துப் பார்’ என்கிற இடங்களில் இரண்டு படத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். சின்னத் திரையில் பெரிதாக்கி, நகர்த்தி, திரும்பி வருவதற்குள் பாத்திரமே விடையைச் சொல்லிவிடும். கிண்டில்தான் வழி என்றால் முதல் ப்ளானைப் பென்சிலால் ஒரு தாளில் நகல் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் சேர்த்து வரையுங்கள்.