மருந்து எதிர்ப்பும் புது மூலக்கூறுகளும்: ஒரு மருந்து வேதியியலாளரிடம் கேட்டவை

கல்லூரி மாணவர்: சென்னையில் ஒரு ஆன்டிபயாட்டிக் கண்டுபிடித்தார்களாமே, உண்மையா?

உண்மைதான். என்மெட்டாசோபாக்டம். சென்னை ஆர்கிட் நிறுவனத்தில் உருவானது. ஐரோப்பாவின் அல்லெக்ரா நிறுவனம் அதை மனிதப் பரிசோதனை வரை கொண்டுபோனது. அமெரிக்காவில் 2024 பிப்ரவரியில் அனுமதி கிடைத்தது. ஆனால் இது தனியாகக் கிருமியைக் கொல்வதில்லை. செஃபெபைம் என்ற பழைய மருந்தைச் சிதைக்க பாக்டீரியா ஒரு நொதியைச் சுரக்கிறது. அந்த நொதியைப் பிடித்து முடக்குவதுதான் இதன் வேலை.

அவரே: அதே வேலையைச் செய்ய டாசோபாக்டம் ஏற்கெனவே இருக்கிறதே?

நல்ல கேள்வி. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு மெத்தில் குழு, அதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்! டாசோபாக்டத்தில் மூன்று நைட்ரஜன் கொண்ட ஒரு வளையம் உண்டு. அதில் ஒரு நைட்ரஜன்மேல் மெத்திலை ஏற்றினால் அங்கே நேர்மின்சுமை வருகிறது. மூலக்கூறின் மறுபக்கம் எதிர்மின்சுமை ஏற்கெனவே இருப்பதால் இரண்டும் சமனாகிவிடும். இரட்டைச் சவ்வு கொண்ட கிராம்-நெகட்டிவ் வகைக் கிருமிகளின் வெளிச்சவ்வைத் தாண்டி உள்ளே போவது இதனால் எளிதாகிறது. எங்கள் தொழிலில் பாதித் தலைவலி கிருமியைக் கொல்வதில் இல்லை, உள்ளே நுழைவதில்தான். சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கான பரிசோதனையில் செஃபெபைமும் இதுவும் சேர்ந்த கூட்டு மருந்து ஏறக்குறைய 79 சதவீதம் பேருக்கு முழுப் பலன் தந்தது. பைபராசிலின்-டாசோபாக்டம் என்ற பழைய கூட்டு மருந்தைப் பெற்றவர்களில் அது 59தான்.

செவிலியர்: எங்கள் ஐசியுவில் என்டிஎம் கிருமிகள் வருகின்றன. அதற்கும் கேட்குமா?

கேட்காது. என்டிஎம் என்பதும் மருந்தைச் சிதைக்கும் நொதிதான், ஆனால் துத்தநாகத்தை வைத்து வேலை செய்யும் வேறு வகை. இந்த மூலக்கூறால் அதைப் பிடிக்க முடியாது.

ஆசிரியர்: இயற்கையில் இல்லாத பொருள் என்றால் கிருமிக்கு எதிர்ப்பே வராதுதானே?

அப்படித்தான் லினிசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக் வந்தபோதும் பேசினார்கள். முழுக்க ஆய்வகத்தில் செய்தது, 2000இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அடுத்த வருடமே எதிர்ப்புள்ள ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா பதிவாகிவிட்டது. கிருமி புரதம் செய்யும் இடம் ரைபோசோம்; மருந்து போய் ஒட்டும் அதன் ஆர்என்ஏவில் ஓரிடம் மாறினால் போதும்.

அவரே: முற்றிலும் புதிய வழி எதுவும் இல்லையா?

இருக்கிறது. ரோஷ் நிறுவனமும் ஹார்வர்டும் 2024இல் வெளியிட்ட சோசுரபல்பின். சுமார் 45,000 வளையப் பெப்டைடுகளை (வளையமாக இணைந்த சிறு அமினோ அமிலச் சங்கிலிகளை) சலித்ததில் கிடைத்த தொடக்கப் புள்ளியைத் திருத்தித் திருத்திச் செய்தது. அசினெட்டோபாக்டர் என்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியா தன் வெளிச்சவ்வுக்கான கொழுப்புப் பொருளை உள்ளிருந்து வெளியே கடத்தும் பாதையை இது அடைக்கிறது. எனக்கு இதன்மேல் தனி ஆசை உண்டு, மறைக்கவில்லை. ஆனால் குறி ஒரே கிருமிதான்.

வாசகர்: அப்புறம் ஏன் கம்பெனிகள் போட்டி போட்டுச் செய்வதில்லை?

பணம். பிளாசோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு 2018 ஜூனில் அனுமதி வாங்கிய அக்காவோஜன் நிறுவனம், 2019 ஏப்ரலில் திவால். நல்ல ஆன்டிபயாட்டிக்கை மருத்துவர்கள் பத்திரமாக எடுத்து வைப்பார்கள். அது சரியும்கூட. ஆனால் விற்காத சரக்கை வைத்து எந்தக் கம்பெனி பிழைக்கும்? விற்பனை அளவைப் பார்க்காமல் அரசு வருடச் சந்தா போலப் பணம் தரும் முறையை பிரிட்டன் தொடங்கியிருக்கிறது. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

இல்லத்தரசி: சளிக்கு இதை மெடிக்கலில் கேட்டு வாங்கலாமா?

வேண்டாம் அக்கா. சளி பெரும்பாலும் வைரஸ். செஃபெபைம் கூட்டு மருந்தோ, ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஏற்றுவது.